ஊர்வலம் முடிந்த பிறகு

ஆண்டுதோறும் செப்டம்பர் 10 அன்று தமிழ்நாட்டின் மாவட்டத் தலைநகரங்களில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். செவிலியர் கல்லூரி மாணவியர் கையில் பதாகையோடு இரட்டை வரிசையில் நடப்பார்கள். ஆட்சியரோ மருத்துவக் கல்லூரி முதல்வரோ கொடியசைப்பார். உறுதிமொழி வாசிக்கப்படும். மறுநாள் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் படம் வரும். உலகத் தற்கொலைத் தடுப்பு நாள் 2003 முதல் இப்படித்தான் கடைப்பிடிக்கப்படுகிறது. ஊர்வலத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்குள்ளேயே தாழ்ந்த குரலில் பேசப்படும் விஷயத்தை நடுத்தெருவில் உரக்கச் சொல்லத் துணிச்சல் வேண்டும். ஆனால் ஊர்வலம் கடந்துபோன தெருவில் குடியிருப்பவர்கள் மறுநாள் காலையில் என்ன செய்ய வேண்டும் என்பதை யாரும் சொல்லிவிட்டுப் போவதில்லை. இந்தச் சொற்பொழிவு அந்த மறுநாளைப் பற்றியது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு: 19,834 பேர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 54 உயிர்கள். ஒரு லட்சம் பேருக்கு இத்தனை என்று பார்த்தால் நாட்டின் சராசரி 12.4, தமிழ்நாட்டின் விகிதம் அதைப் போல இரு மடங்குக்கும் மேல். பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் பேருந்து வசதிக்கும் பேர்போன மாநிலத்தின் கணக்கு இது. கணக்கை ஒழுங்காக எழுதும் மாநிலத்தில் எண் கூடித் தெரியும் என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். அதற்காக 54 என்பது சிறிய எண் ஆகிவிடாது.

காரணம் என்ற பத்தியில் காவல்துறை எழுதுவது பெரும்பாலும் ‘குடும்பப் பிரச்சினை’, அடுத்தபடியாக ‘நோய்’. தமிழ்ச் செய்தித்தாள் வாசகருக்கு இன்னொரு காரணமும் மனப்பாடம்: ‘தீராத வயிற்றுவலி’. எத்தனை இளம்பெண்களின் சாவு அந்த ஒற்றை வரிக்குள் மூடி வைக்கப்பட்டிருக்கிறது என்பது காவல் நிலையத்துக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். கடன், குடி, அடி, காதல், சாதி, மனச்சோர்வு என்று பல இழைகள் பின்னிக் கிடக்கும் இடத்தில் ஒற்றைக் காரணம் எழுதுவதே தவறு. அதிலும் பொய்க் காரணம் எழுதினால் அடுத்த வீட்டுப் பெண்ணைக் காப்பாற்றக்கூடிய தகவலும் சேர்ந்தே புதைந்துபோகிறது.

மனநல மருத்துவர்களைப் பெருக்கினால் போதும் என்பது பலருடைய எண்ணம். பெருக்கத்தான் வேண்டும், மனச்சோர்வுக்கு மருந்தும் சிகிச்சையும் உண்டு, அவை வேலை செய்கின்றன. ஆனால் தற்கொலைத் தடுப்பின் வரலாற்றைப் புரட்டினால் பெரிய திருப்பங்கள் பலவற்றில் மருத்துவரல்லாதவர்களின் கை தெரிகிறது.

லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் இருந்தார். 1935-இல், ஊழியத்தின் தொடக்கத்தில், அவர் நடத்திய முதல் நல்லடக்கம் தற்கொலையால் இறந்த ஒரு சிறுமியுடையது. பூப்படைந்ததைப் பால்வினை நோய் என்று அவள் நினைத்துவிட்டாள். கேட்டுத் தெளிய ஒரு ஆள் இல்லை. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1953 நவம்பரில், வாரா தம் தேவாலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்து, சாக நினைப்பவர்கள் கூப்பிடலாம் என்று அறிவித்தார். கூப்பிட்டவர்களில் பலர் நேரிலும் வந்தார்கள். உள்ளே அவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருக்க, வெளியே காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருக்கத் தன்னார்வலர்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். சில மாதங்களில் ஒரு வேடிக்கை நடந்தது. தேநீர் குடித்தபடி மனம்விட்டுப் பேசியவர்கள், பாதிரியாரைப் பார்க்காமலே தெளிந்து வீடு திரும்பத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே வாரா தொலைபேசியைத் தன்னார்வலர்களிடம் ஒப்படைத்துவிட்டார். ‘சமாரிட்டன்ஸ்’ அமைப்பு பிறந்த கதை இதுதான்.

அந்த வழியில் கொழும்பில் 1974-இல் ஜோன் டி மெல் ‘சுமித்ரயோ’வைத் தொடங்கினார். சென்னையில் 1986-இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் ‘ஸ்நேகா’வைத் தொடங்கினார். தொடங்கியவர் மருத்துவர் என்றாலும் அங்கே தொலைபேசியை எடுப்பவர்கள் பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள். கட்டணம் கிடையாது. அழைப்பவரின் கதை வெளியே போகாது. அறிவுரையும் கிடையாது. இந்தக் கடைசி விதிதான் நம்மவர்களுக்குக் கடினம். துக்க வீட்டுத் திண்ணையில்கூட ஆளுக்கொரு யோசனை சொல்லிப் பழகிய சமூகம் நம்முடையது. ஒருவர் அழும்போது பத்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு கேட்பதற்கு நிஜமாகவே பயிற்சி தேவைப்படுகிறது.

காதில் கேட்பது ஒரு பக்கம். கைக்கு எட்டாமல் செய்வது இன்னொரு பக்கம். அதற்கு இலங்கையைவிட நல்ல பாடம் உலகில் இல்லை.

1990-களின் நடுவில் உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை விகிதம் கொண்ட நாடுகளில் ஒன்றாக இலங்கை இருந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்து இளைஞர்கள். வயலுக்கு வாங்கி வைத்த பூச்சிமருந்து வீட்டிலேயே இருந்தது. மிகக் கொடிய நச்சு கொண்ட மருந்து வகைகளை அரசு 1984 முதல் ஒவ்வொன்றாகச் சந்தையிலிருந்து விலக்கியது. பெரிய தடைகள் 1995-இலும் 1998-இலும் வந்தன. 2008 முதல் 2011 வரை இன்னொரு சுற்று. அனுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் உள்ள மருத்துவமனைகளில் மைக்கேல் எடில்ஸ்டன் போன்ற ஆய்வாளர்கள் படுக்கை படுக்கையாகப் பதிவு செய்த விவரங்கள், எந்த வகை மருந்தில் ஆள் பிழைப்பதில்லை என்பதைக் காட்டிக் கொடுத்தன. 1995-க்கும் 2015-க்கும் இடையில் நாட்டின் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. அந்த இருபது ஆண்டுகளில் காப்பாற்றப்பட்ட உயிர்கள் சுமார் 93,000 என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

போர் நடந்துகொண்டிருந்த நாடு அது. வேலையின்மையும் குடியும் மறைந்துவிடவில்லை. நஞ்சருந்தி மருத்துவமனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கைகூட அதே வேகத்தில் குறையவில்லை. வந்தவர்கள் பிழைத்தார்கள், அவ்வளவுதான். நெல் விளைச்சல் படுத்துவிடும் என்ற பயமும் பொய்த்தது. தடைக்குப் பிறகு மகசூலில் சரிவு தென்படவில்லை.

சாக நினைத்தவர் இந்த வழி இல்லாவிட்டால் இன்னொரு வழி தேடமாட்டாரா என்று கேட்பவர்கள் உண்டு. சாவு என்பது பல மாதம் திட்டமிட்டு எடுத்த முடிவு என்று நினைப்பதால் வரும் கேள்வி அது. இலங்கைக் கிராமங்களில் உயிர் பிழைத்தவர்களிடம் கேட்டபோது, பாதிக்கும் மேற்பட்டவர்கள் முடிவெடுத்து அரை மணி நேரம்கூட ஆகாமல் செயலில் இறங்கியவர்கள் என்று தெரிந்தது. ஒரு சண்டை, ஒரு அவமானம், சட்டென்று ஏறிய கோபம். அந்த அரை மணியைக் கடத்திவிட்டால் பெரும்பாலும் ஆள் நமக்குக் கிடைத்துவிடுவார். கடுமையான முயற்சிக்குப் பிறகு உயிர் பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன.

அப்படியானால் வீட்டிலிருக்கும் மருந்தைப் பூட்டி வைத்தால் போதாதா? அதையும் செய்து பார்த்தார்கள். அனுராதபுர மாவட்டத்தில் 180 கிராமங்கள், 53,000-க்கும் மேற்பட்ட வீடுகள். பாதிக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு பூட்டுள்ள பெட்டி கொடுத்தார்கள்; மற்றவற்றில் கொடுக்கவில்லை. 2017-இல் முடிவு வெளியானபோது இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. சாவி அதே வீட்டின் ஆணியில் தொங்கும்போது பூட்டு எதைத் தடுக்கும்? வெளிநாட்டு நிதியும் நல்லெண்ணமும் நிறைந்த ஒரு திட்டம் பலன் தரவில்லை என்பதை மறைக்காமல் அச்சிட்டார்களே, அதற்காகவே அந்த ஆய்வாளர்களைப் பாராட்ட வேண்டும். நம் ஊர் விழிப்புணர்வுத் திட்டங்களில் எது பலிக்கவில்லை என்று எப்போதாவது அறிக்கை வந்ததுண்டா?

கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் லட்சுமி விஜயகுமாரும் சகாக்களும் வேறொரு வழியைச் சோதித்தார்கள். மருந்தை வீட்டில் வைக்கவே வேண்டாம். ஊருக்குப் பொதுவாக ஒரு கட்டடம், விவசாயிக்கு ஒரு பூட்டுப் பெட்டி, பார்த்துக்கொள்ள ஆள். வயலுக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு, திரும்பும்போது வைத்துவிட்டு வரலாம். ஊர்க்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள், சாவுகளும் குறைந்தன. சில கிராமங்களில் மட்டும் நடந்த சிறிய ஆய்வு என்பதால் இதைக் கடைசி வார்த்தையாகக் கொள்ள முடியாது. ஆனால் வீட்டுப் பெட்டியில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது: வீட்டுக்கும் மருந்துக்கும் இடையே நடந்து கடக்க வேண்டிய தூரமும், வழியில் எதிர்ப்படும் மனிதர்களும்.

தமிழ்நாடு அரசு 2023-இன் தொடக்கத்தில் ஆறு பூச்சிமருந்துகளின் விற்பனைக்கு 60 நாள் தற்காலிகத் தடை விதித்தது. நல்ல தொடக்கம்தான். இலங்கை அறுபது நாளில் எதையும் சாதிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். தடைக்குக் காத்திராமல் ஊர் செய்யக்கூடியதும் உண்டு. உரக்கடைக்காரருக்குத் தன் வாடிக்கையாளர்களின் வயலும் பயிரும் தெரியும். வயலில்லாதவர் வந்து நின்றாலும், பயிர் எது என்று கேட்டால் பதில் தடுமாறினாலும், முகம் சரியில்லை என்று பட்டாலும், ‘இன்னைக்குச் சரக்கு இல்லை, உட்காருங்க, டீ சொல்றேன்’ என்று சொல்ல அவரால் முடியும். இலங்கையில் கடைக்காரர்களுக்கு இதற்கென்றே பயிற்சி கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வணிகர் சங்கக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஒரு வட்டாரத்துக்கே இதைச் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

மே மாதத்துக்கு வருவோம். தேர்வு முடிவு வெளியாகும் நாளில் தமிழ்நாட்டு வீடுகளில் என்ன நடக்கும் என்பதை இந்த அவைக்கு விளக்கத் தேவையில்லை. ஒரு காலத்தில் பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டிலோ தவறிய பிள்ளை மறுதேர்வுக்குப் பல மாதம் காத்திருக்க வேண்டும். கூடப் படித்தவர்கள் கல்லூரிக்குப் போய்விடுவார்கள். இந்தப் பிள்ளைக்கு ஓராண்டு போய்விடும். தோல்வியைவிட அந்தக் காத்திருப்பே கொடுமை. 2000-களின் தொடக்கத்தில் அரசு உடனடிச் சிறப்புத் தேர்வைக் கொண்டுவந்தது. ஒரு மாதத்தில் எழுதி, தேறி, அதே ஆண்டு கல்லூரியில் சேரலாம். தற்கொலைத் தடுப்பில் உழைத்தவர்கள் வற்புறுத்திப் பெற்ற மாற்றம் இது. 2017 முதல் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் அறிவிக்கும் வழக்கத்தையும் பள்ளிக் கல்வித்துறை நிறுத்திவிட்டது. துறை நிறுத்தியதைத் தனியார் பள்ளிகளின் தட்டிகள் நிறுத்தவில்லை. முச்சந்திக்கு முச்சந்தி மதிப்பெண்ணும் முகமுமாகத் தொங்கும் அந்தத் தட்டிகளுக்குக் கீழேதான் தவறிய பிள்ளையும் நடந்து வீட்டுக்குப் போகிறது. ஊர்ப் பெரியவர்கள் ஒரு முறை தாளாளரைப் பார்த்துப் பேசினால் தீரக்கூடிய விஷயம் இது. அந்த நாளில் பிள்ளையைத் தனியாக விடாமல் இருப்பதும், ‘எவ்வளவு?’ என்று தொலைபேசியில் துளைக்கும் உறவினரை இரண்டு நாள் தள்ளி வைப்பதும் பெற்றோர் செய்ய வேண்டியவை.

ஒருவர் முயன்று, பிழைத்து, மருத்துவமனையிலிருந்து திரும்பி வருகிறார். அதற்குப் பிறகு என்ன? பெரும்பாலும் ஒன்றுமில்லை. ‘தெரியாமக் குடிச்சிட்டான்’ என்று ஊருக்கு ஒரு கதை சொல்லப்படும். கதவு சாத்தப்படும். பெண்ணாக இருந்தால் கல்யாணப் பேச்சு அவசரமாகத் தொடங்கும். ஒருமுறை முயன்றவர் மீண்டும் முயலும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிக அதிகம் என்பதும், மருத்துவமனையிலிருந்து திரும்பிய முதல் வாரங்களும் மாதங்களுமே மிக ஆபத்தானவை என்பதும் தெரிந்தவர்கள் அந்தக் கதவைத் தட்டாமல் இருக்க மாட்டார்கள்.

தட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மேற்பார்வையில் ஐந்து நகரங்களில் ஓர் ஆய்வு நடந்தது. சென்னையும் கொழும்பும் அவற்றில் இரண்டு. முயன்று பிழைத்து மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவுக்கு அதோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசி விளக்கியதும், பிறகு பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை நேரிலோ தொலைபேசியிலோ ‘எப்படி இருக்கிறீர்கள், உதவி வேண்டுமா?’ என்று விசாரித்ததும் மட்டுமே கூடுதல். 2008-இல் முடிவு வெளியானது. வழக்கமான சிகிச்சைப் பிரிவில் தற்கொலையால் இறந்தவர்கள் 18 பேர். விசாரிக்கப்பட்ட பிரிவில் 2 பேர். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. கிராமச் செவிலியர், ஆஷா பணியாளர், மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவி, ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று யாராலும் முறையான பயிற்சிக்குப் பிறகு செய்யக்கூடிய வேலை. தமிழ்நாட்டிலுள்ள இலங்கைத் தமிழர் முகாம்களிலேயே இதை ஒட்டிய ஒரு முயற்சி நடந்திருக்கிறது: முகாம்வாசிகளிலிருந்தே ஆட்களைத் தேர்ந்து பயிற்சி கொடுத்து, ஆபத்திலிருப்பவரைத் தொடர்ந்து சந்திக்கவும், மனம் தடுமாறும் நேரத்தில் யாரை அழைப்பது, என்ன செய்வது என்பதை அவரோடு சேர்ந்து ஓர் அட்டையில் எழுதி வைக்கவும் செய்தார்கள்.

கதவு சாத்தப்படுவதற்குக் காவல் நிலையமும் ஒரு காரணம். தற்கொலை முயற்சி குற்றம் என்ற 309-ஆவது பிரிவு நம் வீடுகளில் ஏற்படுத்திய பயம் இன்னும் போகவில்லை. வழக்கு வரும் என்று பயந்து மருத்துவமனைக்கே தாமதமாகக் கொண்டுபோன குடும்பங்கள் ஏராளம். இலங்கை 1998-லேயே அந்தச் சட்டத்தைக் கைவிட்டது. இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அரசு அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தர வேண்டும் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309 இல்லை. அரசு ஊழியரைப் பணியவைக்கவோ அவர் கடமையைத் தடுக்கவோ அப்படி முயல்வது மட்டுமே குற்றம். இந்தச் செய்தியை ஊராட்சி அலுவலகச் சுவரில் நான்கு வரியில் எழுதி வைத்தாலே சில உயிர்கள் நேரத்தோடு மருத்துவமனை போய்ச் சேரும்.

செய்தி எழுதுபவர்களும் இந்த ஊரின் ஆட்கள்தாம். வியன்னாவில் 1980-களில் சுரங்க ரயில் நிலையங்களில் நடந்த தற்கொலைகளைப் பத்திரிகைகள் பரபரப்பாக, விவரம் விவரமாக எழுதின, சாவுகள் பெருகின. 1987-இல் ஆஸ்திரியத் தற்கொலைத் தடுப்புச் சங்கம் எழுதும் முறைக்கு நெறிகளை வகுத்துக் கொடுத்தது. பத்திரிகைகள் அடக்கி வாசித்தன. ஆறு மாதத்தில் அந்தச் சாவுகள் ஏறத்தாழ 80 விழுக்காடு குறைந்தன. இந்தியப் பத்திரிகை மன்றமும் 2019-இல் உலக சுகாதார நிறுவனத்தின் நெறிகளை ஏற்றுக்கொண்டது: தலைப்பில் வழிமுறையைச் சொல்லாதே, கடிதத்தையும் படத்தையும் வெளியிடாதே, உதவி எண்ணைப் போடு. நாளிதழ்கள் இன்று செய்தியின் அடியில் எண்ணைப் போட்டுவிடுகின்றன; மேலே எல்லா விவரமும் அப்படியே இருக்கிறது. வாட்ஸ்அப் குழுக்களுக்கு மன்றமும் இல்லை, நெறியும் இல்லை. யாராவது அனுப்பும் கடைசி நிமிடக் காணொளியை மேற்கொண்டு அனுப்பாமல் அழிப்பவர், தன்னளவில் ஒரு பத்திரிகை ஆசிரியரின் கடமையைச் செய்கிறார்.

இறப்பு நடந்த வீட்டையும் மறக்கக் கூடாது. சில ஊர்களில் அந்த வீட்டில் கை நனைக்கவே தயங்குகிறார்கள். ‘நீங்க கவனிக்கலையா?’ என்ற கேள்வியை அந்தத் தாய் ஆயுள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். மாரடைப்பில் செத்த வீட்டுக்குப் போவது போலவே அந்த வீட்டுக்கும் போக வேண்டும், பதினாறாம் நாளுக்குப் பிறகும் போக வேண்டும்.

கடைசியாக, எல்லோரும் தயங்கும் ஒரு காரியம். ‘இனி நான் யாருக்கும் பாரமா இருக்கமாட்டேன்’ என்று ஒருவர் சொல்கிறார். ஆசையாக வைத்திருந்த பொருளை எடுத்து யாருக்கோ கொடுக்கிறார். தூக்கமும் சாப்பாடும் போய், ஆள் ஒதுங்குகிறார். அவரிடம் நேராகக் கேட்கலாமா? கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் படித்தவர்களுக்கும் உண்டு. கேட்பதால் எண்ணம் தோன்றுவதில்லை என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. பலருக்கு அது பெரிய ஆறுதல். ‘ரொம்பக் கஷ்டத்துல இருக்கீங்கன்னு தெரியுது. செத்துப்போயிடலாம்னு தோணுதா?’ என்று தனியாக, நிதானமாகக் கேட்கலாம். ஆம் என்றால் பதறவோ திட்டவோ வேண்டாம். ‘உனக்கென்ன குறைச்சல்’, ‘நாலு பேர் என்ன சொல்வாங்க’, ‘பிள்ளைங்கள நெனச்சுப் பாரு’ என்ற மூன்று வாக்கியங்களையும் விழுங்கிவிட்டு, அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். ஆபத்தான பொருள் பக்கத்தில் இருந்தால் அப்புறப்படுத்த வேண்டும். தனியே விடக் கூடாது. ரகசியம் காப்பேன் என்று சத்தியம் செய்யாமல், நம்பிக்கையான ஒருவரைச் சேர்த்துக்கொண்டு மருத்துவரிடமோ அரசு மருத்துவமனைக்கோ கூடவே போக வேண்டும். ‘போய்ப் பாரு’ என்று சொல்வதற்கும் கூடவே போவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

மத்திய அரசு 2022 நவம்பரில் தேசியத் தற்கொலைத் தடுப்பு உத்தியை வெளியிட்டு, 2030-க்குள் இறப்பைப் பத்து விழுக்காடு குறைப்பதாக இலக்கு வைத்திருக்கிறது. எழுபது விழுக்காடு குறைத்துக் காட்டிய அண்டை நாட்டைப் பார்த்தால் இது கூச்சமான இலக்குதான். இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளை அடுத்த செப்டம்பரில் ஊர்வலம் நடத்துவதானால், அது போகும் தெருவில் உள்ள உரக்கடைக்காரர், தலைமையாசிரியர், கிராமச் செவிலியர், உள்ளூர் நிருபர் ஆகிய நால்வரையும் முதல் நாளே ஒரு மேசைக்கு அழைத்து உட்காரவைக்க வேண்டும் என்பதே இங்கே வைக்கப்படும் வேண்டுகோள். வந்திருப்பவர்கள் எழுதிக்கொள்ள வேண்டிய எண்கள்: ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416, நாள் முழுதும், தமிழிலும் பேசலாம், தமிழ்நாடு அரசின் சுகாதார உதவி எண் 104, சென்னை ஸ்நேகா 044-24640050, இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926.